ஜித்தா எவ்வளவு தூரம்? வானத்துக் கணக்கும் வாசற்படிக் கணக்கும்

"சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு எத்தனை மணி நேரம்?" உம்ராவுக்குப் பெயர் கொடுக்கும் குடும்பங்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. கைபேசியில் தட்டினால் உடனே விடை வந்துவிடுகிறது: சுமார் 4,400 கிலோமீட்டர், ஏறக்குறைய ஆறு மணி நேரம். விடை சரிதான். ஆனால் அந்த ஆறு மணி நேரத்தை நம்பி வீட்டைப் பூட்டிப் புறப்படும் வயதான பெற்றோர், ஹரம் ஷரீஃபின் வாசலை அடைய ஒரு பகலும் ஓர் இரவும் ஆகிவிடுவதை நாம் தொடர்ந்து கேள்விப்படுகிறோம். மீதி நேரம் எங்கே போனது? அதைத் தீர்மானிப்பவர்கள் யார்? குடும்பங்களும் ஜமாஅத்துகளும் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் இது.

கணக்கை எளிதாக்க ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஐயம்பேட்டை என்றதும் நம்மில் பலருக்கு தஞ்சை மாவட்டத்து ஐயம்பேட்டைதான் நினைவுக்கு வரும். நாம் சொல்வது காஞ்சிபுரம் மாவட்டத்தில், வாலாஜாபாத் பக்கத்தில் இருக்கும் ஐயம்பேட்டை. பட்டுத்தறி ஓடும் ஊர். அங்கிருந்து ஒரு குடும்பம் உம்ராவுக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம்.

வானத்துக் கணக்கு

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே உள்ள நேர்வழித் தூரம் 4,400 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். பெரிய பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஐந்தேகால் மணி நேரம் வரும். மேலே ஏறவும் இறங்கவும் ஆகும் நேரம், மேற்கிலிருந்து வீசும் எதிர்க்காற்று ஆகியவற்றைச் சேர்த்தால் ஐந்தரை முதல் ஆறு மணி நேரம். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பயணம் சற்றுக் குறையும்.

சவூதி நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. காலை 10 மணிக்குச் சென்னையில் ஏறி ஆறு மணி நேரம் பறந்தால், ஜித்தாவின் கடிகாரம் பகல் 1.30 என்று காட்டும். டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களை மட்டும் பார்ப்பவர் மூன்றரை மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடுவார். திரும்பும்போது இதற்கு நேர்மாறு.

நம் பாட்டனார் காலத்தில் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் மும்பைக்கு ரயிலில் போய், அங்கிருந்து கப்பலில் ஏறக்குறைய இரண்டு வாரம் கடலில் இருந்தார்கள். அந்தக் கப்பல் பயணம் 1995 உடன் நின்றுபோனது. இரண்டு வாரம் ஆறு மணி நேரமாகச் சுருங்கியது அல்லாஹ்வின் அருள். குதிரையையும் கோவேறு கழுதையையும் வாகனமாகத் தந்ததைச் சொல்லும் அந்நஹ்ல் அத்தியாயம், நாம் அறியாதவற்றையும் அவன் படைப்பதாக அங்கேயே உணர்த்துகிறது. விமானத்தில் உட்காரும்போது அந்த வசனத்தின் பொருள் நெஞ்சில் நிற்க வேண்டும்.

வாசற்படிக் கணக்கு

இனி ஐயம்பேட்டையின் வாசற்படியிலிருந்து எண்ணுவோம். மீனம்பாக்கம் சுமார் 60 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் நெரிசலையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். விமானம் புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே வந்துவிடச் சொல்வது குழுப் பயணங்களில் வழக்கம். ஆறு மணி நேரம் வானத்தில். ஜித்தாவில் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி எடுப்பதற்கும் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து மக்கா தங்குமிடம் வரை பேருந்தில் இன்னொரு ஒன்றரை மணி நேரம். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 15 மணி நேரம். வானத்தில் இருப்பது அதில் பாதிகூட இல்லை.

இது நேரடி விமானத்தின் கணக்கு. கொரோனாவுக்குப் பிறகு சென்னை மக்கள் நீண்ட காலம் துபாய், தோஹா, மஸ்கட் போன்ற ஊர்கள் வழியாகத்தான் ஜித்தா போக நேர்ந்தது. இன்றும் குறைந்த கட்டணப் பேக்கேஜ்களில் பல இப்படி இடைநிற்கும் பயணங்கள்தான். வரைபடத்தில் பார்த்தால் இது பெரிய சுற்றே இல்லை. சென்னை–தோஹா சுமார் 3,300 கிலோமீட்டர், தோஹா–ஜித்தா சுமார் 1,330 கிலோமீட்டர். நேர்வழியைவிட 200 கிலோமீட்டர்கூட அதிகமில்லை. விமானத்துக்கு அது கால் மணி நேர வேலை. ஆனால் இடையில் காத்திருப்பது நான்கு மணி நேரமாகவும் இருக்கலாம், பத்து மணி நேரமாகவும் இருக்கலாம். 15 மணி நேரம் 25 ஆவது இப்படித்தான்.

இளைஞர்களுக்கு இது பெரிய சிரமமில்லை. சர்க்கரை நோய்க்கு ஊசி போடும் தகப்பனாருக்கும் முழங்கால் வலியுள்ள தாயாருக்கும் இது வேறு கதை. நள்ளிரவில் மொழி தெரியாத நிலையத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து, நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்து, மக்காவில் இறங்கும்போதே கால் வீங்கிப்போனால் தவாஃபும் சஃயும் எப்படி நிறைவேறும்? சேமித்த பணத்தில் சில ஆயிரங்களை மிச்சம் பிடிக்கிறோம். வாழ்நாள் ஆசையான இபாதத்தின் முதல் இரண்டு நாட்களை அதற்கு விலையாகக் கொடுத்துவிடுகிறோம்.

தறிக்காரருக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பட்டுப்புடவை தறியிலிருந்து இறங்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது. புடவைக்குத்தான் கூலி. தறி நிற்கும் நாளுக்குக் கூலி இல்லை. கடைக்காரரும் கூலிக்காரரும் அப்படியே. பேக்கேஜில் "15 நாள்" என்று போட்டிருந்தால், அதில் எத்தனை நாள் ஹரமில், எத்தனை நாள் வழியில் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

கொச்சி தந்த பாடம்

நேரத்தைத் தீர்மானிப்பது தூரம் அல்ல என்பதற்கு நம் கண்ணெதிரே நடந்த உதாரணம் 2022 ஹஜ். கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டு ஹாஜிகளுக்குக் கதவு அடைந்திருந்து, பிறகு திறந்த ஆண்டு அது. நாடு முழுவதும் ஹஜ் புறப்பாட்டு நிலையங்கள் பத்தாகக் குறைக்கப்பட்டன. சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டு ஹாஜிகள் கொச்சிக்குப் போய் விமானம் ஏறினார்கள்.

கொச்சியிலிருந்து ஜித்தா, சென்னையிலிருந்து இருப்பதைவிட வானவழியில் சுமார் 270 கிலோமீட்டர் அருகில்தான் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் ஹாஜிகளுக்கு 20 நிமிடம் லாபம். ஆனால் காஞ்சிபுரத்திலிருந்து நெடும்பாசேரிக்குத் தரைவழி 600 கிலோமீட்டருக்கு மேல். ஓர் இரவு ரயில், வழியனுப்ப வரும் உறவினர் செலவு, தங்குமிடம், சுமை என்று எல்லாம் கூடின. முதலமைச்சர் ஒன்றிய அரசுக்கு எழுதினார். சமுதாய அமைப்புகள் குரல் கொடுத்தன. 2023 இல் புறப்பாட்டு நிலையங்கள் 25 ஆக உயர்ந்து, சென்னையும் திரும்பக் கிடைத்தது.

பூகோளம் மாறவில்லை. ஓர் உத்தரவு நம் ஹாஜிகளின் பயணத்தை ஒரு நாள் நீட்டியது, இன்னோர் உத்தரவு அதைக் குறைத்தது. கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கட்டணமும் அப்படித்தான். கேரளத்தில் கோழிக்கோடு, கண்ணூர், கொச்சி ஆகிய மூன்று நிலையங்களிலிருந்தும் ஹஜ் விமானங்கள் போகின்றன. ஜித்தாவுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒரே தூரம். ஆனால் 2025 ஹஜ்ஜில் கோழிக்கோட்டிலிருந்து போனவர்களுக்கு மற்ற இரண்டையும்விட ஏறக்குறைய 40,000 ரூபாய் அதிகம் ஆனது. காரணம் ஓடுபாதை. குன்றின் உச்சியைச் சமன்செய்து கட்டிய அந்த நிலையத்தில் 2020 ஆகஸ்ட் 7 அன்று நடந்த விபத்துக்குப் பிறகு பெரிய அகல உடல் விமானங்களுக்கு அனுமதி இல்லை. சிறிய விமானத்தில் ஆட்கள் குறைவு. ஒருவர் தலையில் விழும் செலவு அதிகம். 2018 இல் ஹஜ் மானியமும் நிறுத்தப்பட்டுவிட்டதால், இந்த வேறுபாடு முழுவதும் ஹாஜியின் பையிலிருந்தே போகிறது.

வானத்துக்கும் வேலி உண்டு

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் மண்ணின் மேலுள்ள வான்வெளியில் முழு உரிமை உண்டு என்று 1944 சிகாகோ உடன்படிக்கை சொல்கிறது. எந்த நாடும் தன் வானத்தை மூடலாம். 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பிறகு பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வானத்தை மூடியது; இந்தியாவும் பதிலுக்கு மூடியது. டெல்லியிலிருந்தும் ஸ்ரீநகரிலிருந்தும் மேற்கே போகும் விமானங்கள் குஜராத் பக்கம் இறங்கி, அரபிக் கடல் வழியே சுற்றிப் போக வேண்டியதாயிற்று. மே மாதச் சண்டையின்போது ஸ்ரீநகர் நிலையமே மூடப்பட்டு, காஷ்மீர் ஹாஜிகளின் விமானங்கள் சில நாட்கள் நின்றுபோயின.

சென்னை–ஜித்தா பாதை மேற்குக் கரையைத் தாண்டி அரபிக் கடல், ஓமன் வழியே போவதால் அந்தத் தடை நம்மை நேரடியாகத் தொடவில்லை. ஆனால் அடுத்த மாதமே, ஜூன் 23 அன்று, கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியபோது கத்தார் தன் வானத்தைச் சில மணி நேரம் மூடியது. பக்கத்து வளைகுடா நாடுகள் சிலவும் மூடின. அந்த ஊர்கள் வழியே இணைப்பு விமானம் பிடிக்க இருந்தவர்கள் ஆங்காங்கே சிக்கிக்கொண்டார்கள். இடைநிற்கும் பயணத்தில் இரண்டு நாடுகளின் வானம் சரியாக இருந்தால் போதாது, மூன்றாவது நாட்டின் வானமும் சரியாக இருக்க வேண்டும். குறைந்த கட்டணத்தைப் பார்க்கும்போது இந்த ஆபத்தையும் எடை போட வேண்டும்.

பரந்தூர்: யாருடைய நேரம், யாருடைய நிலம்?

ஐயம்பேட்டைக் குடும்பத்துக்கு எதிர்காலத்தில் இந்தக் கணக்கு மாறக்கூடும். 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஐயம்பேட்டைக்குப் பக்கத்து வட்டாரம்தான். ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பயணிகளைக் கையாளும் திட்டம். மீனம்பாக்கத்தைச் சுற்றி நகரமும் அடையாறும் மலையும் நெருக்குவதால் அங்கே விரிவாக்க இடமில்லை என்பது அரசின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. பெரிய நிலையம் வந்தால் நேரடி விமானங்கள் கூடும் என்ற எதிர்பார்ப்பும் பொய்யல்ல.

காஞ்சிபுரத்துக்காரருக்கு இரண்டு மணி நேரச் சாலைப் பயணம் அரை மணி நேரமாகக் குறையும். திருவல்லிக்கேணிக்காரருக்கும் தாம்பரத்துக்காரருக்கும் அதே நேரம் கூடும். இதுவரை சென்னைவாசிகளுக்கு இருந்த வசதி நமக்கு வருகிறது, நமக்கு இருந்த சிரமம் அவர்களுக்குப் போகிறது. அவ்வளவுதான் என்றால் பேச ஒன்றுமில்லை.

ஆனால் இந்தத் திட்டத்தில் 13 கிராமங்களின் நிலம் இருக்கிறது. ஏரிகளும் நெல்வயல்களும் இருக்கின்றன. ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். ஆயிரம் நாட்களைத் தாண்டியது அந்தப் போராட்டம். கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். நம் பயணத்தில் மிச்சமாகும் ஒன்றரை மணி நேரம் அவர்களுடைய வாழ்நாள் ஊரிலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகளும் மாட்டப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. பொது நன்மைக்காக அரசு நிலம் எடுப்பதை மார்க்க அறிஞர்கள் முற்றாக மறுக்கவில்லை. நியாயமான விலையும் உண்மையான தேவையும் அதற்கு நிபந்தனை. விமான நிலையம் வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கூடவே, ஏகனாபுரத்து விவசாயியின் குரலைக் கேள், ஏரிக்கு என்ன வழி என்று சொல், நிலமில்லாக் கூலிக்காரரையும் கணக்கில் சேர் என்று சொல்லும் கடமையும் உண்டு. அவர்கள் நம் அண்டை வீட்டார். அண்டை வீட்டாரின் மனக்குறையோடு கஅபாவுக்குப் போகும் பாதை நமக்கு வேண்டாம்.

வழியில் தொழுகை, நோன்பு, இஹ்ராம்

தூரத்தையும் நேரத்தையும் நம் ஃபிக்ஹ் நூல்கள் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தன. ஹனஃபி மத்ஹபில் பயணியின் எல்லை மூன்று நாள் நடைத்தூரம். பிற்கால அறிஞர்கள் அதை ஏறக்குறைய 78 கிலோமீட்டராகக் கணக்கிட்டார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் அளவும் அதற்குப் பக்கத்தில்தான். அந்தத் தூரத்தை ஐந்து நிமிடத்தில் பறந்து கடந்தாலும் கஸ்ர் சட்டம் உண்டு. ஐயம்பேட்டையிலிருந்து மீனம்பாக்கம் 60 கிலோமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். நிய்யத் ஜித்தாவுக்கு என்பதால் ஊர் எல்லையைத் தாண்டியதுமே அவர் பயணி. சென்னை நிலையத்தில் லுஹரையும் அஸரையும் இஷாவையும் இரண்டு ரக்அத்தாகத் தொழுவார். ஷாஃபிஈகளுக்குச் சேர்த்துத் தொழும் ஜம்உ சலுகையும் உண்டு. ஹனஃபிகள் அந்தந்த நேரத்தில் தொழ வேண்டும். ஆகவே இடைநிற்கும் ஊரில் எந்தத் தொழுகையின் நேரம் வரும் என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

விமானத்தில் கடிகாரத்தைப் பார்த்து நோன்பு திறக்கக் கூடாது. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே 41 பாகை தீர்க்கரேகை வேறுபாடு. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் சூரியன் ஜித்தாவில் 2 மணி 44 நிமிடம் தாமதமாக மறைகிறது. ரமளானில் சென்னையில் ஸஹர் செய்துவிட்டு மேற்கே பறப்பவரின் நோன்பு அந்த அளவுக்கு நீளும். ஜன்னலுக்கு வெளியே சூரியன் தெரியும்வரை மஃரிப் இல்லை. ஃபஜ்ரும் அப்படியே தள்ளிப்போகும். நோயாளிகளும் முதியவர்களும் இதை முன்பே ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

மிக முக்கியமானது மீகாத். ஜித்தாவில் இறங்குவதற்கு முன்பே விமானம் மீகாத் எல்லையைக் கடந்துவிடும். நிமிடத்துக்கு 14 கிலோமீட்டர் போகும் வாகனத்தில் பத்து நிமிடம் கண்ணயர்ந்தால் 140 கிலோமீட்டர் போய்விடும். நேரடி விமானத்தில் போகிறவர்கள் சென்னையிலேயே இஹ்ராம் உடை உடுத்திக்கொள்வது நல்லது. விமானத்தில் அறிவிப்பு வந்ததும் நிய்யத் வைத்துத் தல்பியா சொல்லலாம். இடைநிற்பவர்கள் இஹ்ராம் துணியைக் கைப்பையில் வைக்க வேண்டும். பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் அது ஜித்தாவில்தான் கைக்குக் கிடைக்கும். முதலில் மதீனா போகிறவர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. அவர்கள் மக்கா கிளம்பும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டுவார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

பயண நிறுவனத்திடம் விலையைக் கேட்பதோடு நின்றுவிடாமல் இவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்:

1. விமானம் நேரடியா? இல்லையென்றால் எந்த ஊரில், எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும்?

2. சென்னையில் ஏறுவது முதல் ஜித்தாவில் இறங்குவது வரை மொத்தம் எத்தனை மணி நேரம்?

3. இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டிலா, தனித்தனி டிக்கெட்டுகளிலா? தனித்தனி என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

4. சக்கர நாற்காலி இரண்டு நிலையங்களுக்கும் முன்பதிவு செய்யப்பட்டிருக்கிறதா?

5. வான்வெளி மூடப்பட்டாலோ விமானம் ரத்தானாலோ உணவுக்கும் தங்குவதற்கும் ஆகும் செலவு யாருடையது?

மருந்துகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். வழித்துணைக்கு ஓர் இளைஞர் இல்லாமல் முதியவர்களை இடைநிற்கும் பயணத்தில் அனுப்பாதீர்கள்.

ஜமாஅத்துகளுக்கும் வேலை இருக்கிறது. சென்னையிலிருந்து ஜித்தாவுக்கும் மதீனாவுக்கும் நேரடி விமானங்களைக் கூட்டச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்திடமும் மனுக் கொடுப்பது ரமளான் நெருங்கும்போது செய்யும் வேலையாக இருக்கக் கூடாது. எந்த நிறுவனம், எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதை இரு நாட்டு அரசுகளும் பேசித்தான் முடிவு செய்கின்றன. நாம் எத்தனை பேர் போகிறோம், எத்தனை மணி நேரம் வழியில் கிடக்கிறோம் என்ற பட்டியல் ஒவ்வொரு ஊர் ஜமாஅத்திடமும் இருந்தால் அந்தப் பேச்சில் நம் குரலுக்கு எடை கூடும். 2022 க்கும் 2023 க்கும் இடையே சென்னை திரும்பக் கிடைத்ததை நினைவில் வைப்போம்.

பயணம் வேதனையின் ஒரு பகுதி, காரியம் முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்புங்கள் என்பது நபிவழி. தவிர்க்க முடியாத சிரமத்துக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. தவிர்க்கக்கூடிய சிரமத்தை நம் பெற்றோர் மீது ஏற்றிவிட்டு அதையும் கூலியில் சேர்க்கச் சொல்ல முடியாது. நாடும் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் தன் இல்லத்தின் பாதையை எளிதாக்கித் தருவானாக. ஆமீன்.